முதல் காரும் எட்டு சிலிண்டரும்: அமெரிக்க மசில் கார் நினைவுகளின் பின்னணி

அறுபதைத் தாண்டிய ஓர் அமெரிக்கரிடம் அவருடைய முதல் காரைப் பற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று விவரங்கள் ஒரே மூச்சில் வந்து விழும்: ஆண்டு, காரின் பெயர், பிறகு ஓர் எண். "அறுபத்தேழாம் வருட ஷெவெல், இருநூற்று எண்பத்து மூன்று." ஷெவெல் என்பது ஷெவர்லேயின் ஒரு கார். அந்த எண் இன்ஜினின் கொள்ளளவு; அதைக் கன அங்குலத்தில் சொல்வது அந்நாட்டு வழக்கம். என்ன விலைக்கு வாங்கினார், யாரிடமிருந்து வாங்கினார் என்பதற்கெல்லாம் சற்று யோசிப்பார். இன்ஜினின் எண்ணுக்கு மட்டும் யோசிக்கவே மாட்டார்.

ஒரு தலைமுறையின் இளமை நினைவில் இரும்பில் வார்த்த ஒரு பொருள் இவ்வளவு அழுத்தமாகப் பதிந்தது எப்படி? வேகம், இளமை, மலிவான பெட்ரோல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால், அவை பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. மீதிக் கதை அந்த இன்ஜின்களின் வடிவமைப்பிலும், அவை சந்தையில் விழுந்த விதத்திலும் இருக்கிறது. மசில் கார்கள், அதாவது நடுத்தர அளவு உடலில் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜினை வைத்த வேகக் கார்கள், பேரும் புகழுமாக இருந்தபோது அவற்றைப் புதிதாக வாங்க முடிந்தவர்கள் குறைவு. அவற்றின் மதிப்பு சரிந்த பிறகு, மூன்றாவது கையாகவோ நான்காவது கையாகவோ வாங்கிய பள்ளி மாணவர்கள்தான் அவற்றோடு உண்மையில் வாழ்ந்தவர்கள் என்பது என் கணிப்பு. இதை விளங்கிக்கொள்ள, மசில் கார் என்ற பெயரே இல்லாத காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1932இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் ஒரு வி8 இன்ஜினை, அதாவது எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக V வடிவில் இரு பக்கமும் நிற்கும் இன்ஜினைக் கொண்டுவந்தது. எட்டு சிலிண்டர் இன்ஜின் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அது பணக்காரர்களின் வண்டியில் இருந்தது. ஃபோர்டு எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்து, 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினைச் சாதாரண மக்களின் காரில் வைத்தது. அதன் ரோட்ஸ்டர் மாடல் 500 டாலருக்குள் கிடைத்தது. சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழைய விலைக்கு வந்ததும், தெற்கு கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, இரண்டு மூன்று கார்புரேட்டர்களைப் பொருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 'ஹாட் ராட்' என்று பெயர் பெற்ற அந்தப் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் விதை. புதுக் காரை வாங்க வசதியில்லாதவன் பழைய காரை வாங்கித் தன் கையால் அதை வேகமாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. வாகன நிறுவனங்கள் அந்த எண்ணத்தைப் புரிந்துகொள்ள இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

போருக்குப் பின் 1949இல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 303 கன அங்குல 'ராக்கெட்' இன்ஜினை அறிமுகப்படுத்தியது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்த பழைய முறை மாறி, மேலே வந்தன. காற்று உள்ளே போகவும் புகை வெளியேறவும் வழி நேரானது. பெட்ரோல் கலந்த காற்று எரியுமுன் எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அழுத்த விகிதத்தை உயர்த்தவும் முடிந்தது. பிறகு 1955இல் வந்ததுதான் இந்தக் கதையின் நாயகன்: ஷெவர்லேயின் 265 கன அங்குல வி8. பின்னாளில் 'ஸ்மால் பிளாக்' என்று பெயர் வாங்கிய இன்ஜின் இது.

எட் கோல் என்ற தலைமைப் பொறியாளரின் கீழ் உருவான இந்த இன்ஜினை வியந்து பார்க்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை. அதில் எல்லாமே சிக்கனம். வால்வைத் தள்ளும் ராக்கர்களுக்கு அதுவரை கனமான தண்டு ஒன்று தேவைப்பட்டது. இதில் தகட்டை அழுத்தி உருவாக்கிய சிறிய ராக்கர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆணியில் உட்கார்ந்தன. அவற்றுக்கு எண்ணெய் கொண்டுபோகத் தனிக் குழாய் இல்லை. ராக்கரைத் தள்ளும் உள்ளீடற்ற கம்பியான புஷ்ராட் வழியாகவே எண்ணெய் ஏறியது. இடப்பக்கச் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டும் வலப்பக்க ஹெட்டும் ஒரே வார்ப்பு, மாற்றிப் பொருத்தலாம். வார்ப்புச் சுவர்களின் கனத்தைக் குறைத்ததால், அதே நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் இன்ஜினைவிட இது எடையில் குறைந்திருந்தது. இவ்வளவு சிக்கனத்தில் ஒன்று தவறியும் போனது: முதல் ஆண்டு இன்ஜினில் ஆயில் ஃபில்டருக்கு இடமே விடவில்லை. அடுத்த ஆண்டு அதைச் சேர்த்தார்கள்.

ஆனால், இந்த இன்ஜினின் உண்மையான பெருமை பின்னால்தான் தெரிந்தது. இரண்டு சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலான 4.4 அங்குல இடைவெளியை அவர்கள் மாற்றவே இல்லை. 265 என்பது 1957இல் 283 ஆனது, 1962இல் 327, 1967இல் 350. உள்ளே துளையின் அகலமும் பிஸ்டனின் ஓட்டமும் மாறின. வெளிக்கூடும் போல்ட் துளைகளும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. இதன் பொருள் என்ன? ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றிய ஹெட்டை உங்கள் காரின் 283இல் பொருத்தலாம். ஆறு சிலிண்டரோடு வந்த காரில் அதைத் தூக்கிவிட்டு 350ஐ இறக்கலாம். 1960களின் ஷெவர்லே ஆறு சிலிண்டருக்கும், ஸ்மால் பிளாக்குக்கும், அதைவிடப் பெரிய 'பிக் பிளாக்'குக்கும் கியர்பாக்ஸ் இணையும் துளை அமைப்பு ஒன்றே. இதைத் திட்டமிட்டவர்கள் தொழிற்சாலையின் செலவைக் குறைக்கத்தான் திட்டமிட்டிருப்பார்கள். அதன் பலனை அனுபவித்தவர்களோ வீட்டு வாசலில் ஸ்பேனரோடு படுத்துக் கிடந்த பதினாறு வயதுக்காரர்கள்.

இனி மசில் கார். இந்தச் சொல் எந்தக் காரைக் குறிக்கும் என்பதில் ஓயாத விவாதம் உண்டு. ஆனால் தொடக்கப் புள்ளியாக 1964ஆம் ஆண்டின் போண்டியாக் ஜிடிஓவைத்தான் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அது பிறந்த கதை சுவையானது. 1963இன் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், போண்டியாக், ஷெவர்லே உள்ளிட்ட தன் பிரிவுகள் பந்தயங்களில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவு போட்டது. பந்தய வெற்றியை வைத்தே இளைஞர்களிடம் கார் விற்றுக்கொண்டிருந்த போண்டியாக் பிரிவுக்கு அது பேரிடி. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. ஜான் டெலோரியன், பில் காலின்ஸ், ரஸ் ஜீ ஆகிய மூன்று பொறியாளர்கள் டெம்பெஸ்ட் என்ற சாதாரணக் குடும்பக் காரின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது: அதன் 326 கன அங்குல இன்ஜினும் பெரிய கார்களுக்கான 389 கன அங்குல இன்ஜினும் வெளி அளவில் ஒன்றுதான், தாங்கிகளும் ஒன்றுதான். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் தானாகவே உட்காரும்.

விதி புது மாடல்களுக்குத்தான்; வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் விருப்பத் தொகுப்புக்குத் தலைமையகத்தின் ஒப்புதல் தேவையில்லை. அந்தச் சந்து வழியாக நுழைந்தார்கள். டெம்பெஸ்ட் காருக்கு ஏறத்தாழ 300 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் 325 குதிரைத்திறன் 389 இன்ஜினும் உறுதியான ஸ்பிரிங்குகளும் வரும். மூன்று கார்புரேட்டர் அமைப்பைக் கேட்டால் 348 குதிரைத்திறன். பிரிவின் தலைவர் பீட் எஸ்டெஸ் துணிந்து 5,000 கார்களுக்கு அனுமதி தந்தார். முதல் ஆண்டிலேயே 32,450 விற்றன. 1966இல் அது தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. விதி போட்டவர்கள் வாய் திறக்கவில்லை.

கவனித்துப் பாருங்கள்: இங்கே புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. பெரிய காரின் இன்ஜினைச் சின்னக் காரில் வைத்தார்கள், அவ்வளவுதான். ஹாட் ராட் பையன்கள் முப்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்ததைத் தொழிற்சாலை தவணை முறையில் விற்கத் தொடங்கியது.

வாங்க ஆளும் தயாராக இருந்தது. 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 7.6 கோடிக் குழந்தைகள் பிறந்தன. அவர்களில் மூத்தவர்கள் 1964இல் பதினெட்டைத் தொட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது; தொடக்க விலை 2,368 டாலர். இரண்டே ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் மஸ்டாங்குகள் விற்றன. நீண்ட பானட்டும் குட்டையான பின்புறமும் கொண்ட அதன் தோற்றம் எல்லோரையும் மயக்கியது. ஆனால் விற்ற கார்களில் கணிசமானவற்றின் பானட்டுக்கு அடியில் இருந்தது ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜின். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் கார் என்பது கனவுக்கும் கைப்பணத்துக்கும் நடுவில் செய்துகொள்ளும் ஒப்பந்தம். மஸ்டாங் அந்த ஒப்பந்தத்தை மரியாதையாகச் செய்து கொடுத்தது.

உச்சத்தில் நின்றது கிரைஸ்லரின் 426 ஹெமி. அரைக்கோள வடிவ எரிப்பறை, எதிரெதிரே சாய்ந்து நிற்கும் பெரிய வால்வுகள், நடுவில் ஸ்பார்க் பிளக். 1964 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தில் முதல் முறையாக இறங்கியபோதே கிரைஸ்லரின் பிளிமத் கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. ரிச்சர்ட் பெட்டி முதலாவதாக வந்தார். பொதுமக்களுக்கு விற்காத இன்ஜினைப் பந்தயத்தில் அனுமதிக்க முடியாது என்று அடுத்த ஆண்டு நாஸ்கார் என்ற பந்தய அமைப்பு முட்டுக்கட்டை போட்டது. அதனால்தான் 1966இல் ஹெமி தெருவுக்கு வந்தது. 425 குதிரைத்திறன், 490 பவுண்டு-அடி முறுக்குவிசை, இரண்டு நான்கு வாய்க் கார்புரேட்டர்கள். 426 கன அங்குலம் என்றால் ஏறத்தாழ 7 லிட்டர். நாம் அறிந்த அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜின் ஒன்றரை லிட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

ஆனால் ஹெமியை வாங்கியவர்கள் சொற்பம். பிளிமத் ரோட் ரன்னர் 1968இல் 3,000 டாலருக்குள் கிடைத்தது. கம்பளமில்லாத தரை, டாக்சிக்கு வைக்கும் இருக்கை, ஆனால் 335 குதிரைத்திறன் தரும் 383 இன்ஜின். முதல் ஆண்டில் ஏறத்தாழ 45,000 விற்றது. அதே காரில் ஹெமி வேண்டுமென்றால் 700 டாலருக்கும் மேல் கூடுதல். சம்பளத்தை எண்ணி வாங்குபவன் 383ஓடு நிறுத்திக்கொண்டான். அது சரியான முடிவும்கூட. தினமும் வேலைக்குப் போய்வர ஹெமியைவிட 383 எவ்வளவோ மேல்.

இந்த இன்ஜின்களைப் பற்றிப் பேசுபவர்கள் கடைசியில் சத்தத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். கார் நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் சீராக இரையாமல், குமுறிக் குமுறி ஓய்வதுபோல ஒலிக்கும். இதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஷெவர்லே வி8இல் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை எண்கள் வலப்பக்கம். மொத்த இன்ஜினையும் எடுத்துக்கொண்டால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் 90 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரிகிறது, இடைவெளி சீரானது. ஆனால் இடப்பக்கத்தை மட்டும் கேளுங்கள்: 1 எரிந்தபின் 3 எரிய 270 டிகிரி காத்திருக்க வேண்டும், 3க்கும் 5க்கும் இடையே 180, 5க்கும் 7க்கும் இடையே வெறும் 90, பிறகு மறுபடி 180. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் புகைக்குழாய் இருப்பதால், ஒவ்வொரு குழாயிலும் புகை இந்த ஏறுமாறான தாளத்தில் வெளியேறுகிறது. கிராங்க்ஷாஃப்டின் கைகள் சிலுவை வடிவில் அமைந்திருப்பதன் விளைவு இது. அதிர்வைக் குறைப்பதற்காகவே அந்த வடிவத்தைத் தேர்ந்தார்கள். ஓசை தானாக வந்தது.

வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் வேகத்துக்கானதாக இருந்தால் அந்தக் குமுறல் இன்னும் கூடும். அதிக வேகத்தில் நிறையக் காற்று உள்ளே போவதற்காக, புகை வால்வு மூடுவதற்கு முன்பே காற்று வால்வைத் திறந்துவிடுவார்கள். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது எரிந்த புகை புதுக் காற்றோடு கலந்து, சில சுற்றுகளில் எரிப்பு சரியாக நடக்காமல் போகிறது. ஆகவே கார் சிக்னலில் நின்று தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றமே பக்கத்துக் காரில் இருப்பவனுக்கு எச்சரிக்கை. டெட்ராய்ட் நகரிலிருந்து வடமேற்கே போண்டியாக் ஊர்வரை போகும் உட்வர்டு அவென்யூவில் 1960களின் இரவுகளில் இந்த மொழியில்தான் சவால்கள் பரிமாறப்பட்டன. கார் நிறுவனப் பொறியாளர்களே தங்கள் சோதனை வண்டிகளை அங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார்கள்.

சரி, பதினாறு வயதில் உரிமம் வாங்கிய சாதாரண வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த கார் எது? அத்தையோ தாத்தாவோ ஓட்டிவிட்டுக் கொடுத்த நான்கு கதவு டாட்ஜ் டார்ட். அதில் கிரைஸ்லரின் சாய்ந்த ஆறு சிலிண்டர். 30 டிகிரி பக்கவாட்டில் படுத்திருக்கும் அந்த இன்ஜினுக்குச் சாவே இல்லை என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அல்லது இரண்டு வாய்க் கார்புரேட்டர் வைத்த 283 ஷெவர்லே. வேகமான கார் என்று அவற்றை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ரோட் ரன்னரிலும் அந்த டார்ட்டிலும் வேலை செய்த அறிவு ஒன்றே. அதைக் கற்றுக்கொள்ளப் பானட்டைத் திறந்தால் போதும். உள்ளே தரை தெரியும் அளவுக்கு இடம் இருந்தது.

ஒரு வேலையை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் அந்தக் காலத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கும். தேய்மானத்தால் அதன் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும்; சில ஆயிரம் மைலுக்கு ஒரு முறை சரிசெய்யாவிட்டால் குளிரில் கார் கிளம்பாது. மூடியைக் கழற்றி, பாயிண்ட் முழுவதும் திறந்திருக்கும் நிலைக்கு இன்ஜினைத் திருப்பி, அளவுத் தகட்டை நுழைத்துத் திருகை இறுக்க வேண்டும். தகடு இல்லாதவர்கள் தீப்பெட்டி அட்டையை வைத்தே அளந்தார்கள். அது ஏறத்தாழச் சரியாகவே இருக்கும். ஷெவர்லே வி8காரர்களுக்கு இன்னும் வசதி. 1957 முதல் அவர்களுடைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு குட்டி ஜன்னல் வைத்திருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஜன்னலைத் தூக்கி, ஆறுமுகச் சாவியை நுழைத்து, இன்ஜின் தடுமாறும்வரை திருகிவிட்டு, அரைச் சுற்றுப் பின்வாங்கினால் முடிந்தது. அளவுக் கருவியே வேண்டாம், காது போதும்.

அந்த அரைச் சுற்றில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். சற்றுமுன் இருமிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரு பையனின் கை திரும்பியதும் சீராகிறது. தான் செய்ததற்கான பதில் அந்த நொடியிலேயே காதில் விழுகிறது. பள்ளியில் அவனுக்கு அப்படிப் பதில் சொன்ன பாடம் வேறு இருந்திருக்குமா என்பது சந்தேகம். முதல் காரின் நினைவில் இன்ஜின் எண் அழியாமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை. அந்த எண்ணை அவர்கள் விளம்பரத்தில் படித்து மனப்பாடம் செய்யவில்லை. கேஸ்கெட் வாங்கக் கடைக்குப் போனபோதெல்லாம், உடைந்த கார்கள் குவிந்த யார்டில் உதிரிபாகம் தேடியபோதெல்லாம் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏறிய எண் அது. காற்று வடிகட்டியின் மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் கார்புரேட்டர் காற்றை உறிஞ்சும் ஓசை பலமாகக் கேட்கும் என்பதையும் அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

பிறகு வீழ்ச்சி. அதற்கு ஒரே காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். மூன்று நான்கு கயிறுகள் ஒரே நேரத்தில் இறுகின.

முதலில் காப்பீடு. எடைக்கு மிஞ்சிய குதிரைத்திறன் கொண்ட கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் 1960களின் இறுதியில் கூடுதல் கட்டணம் விதித்தன. இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ள ஆண் என்றால் கட்டணம் எகிறியது. கார் வாங்கப் பணம் இருந்தவனுக்குக் காப்பீடு கட்டப் பணம் இல்லாமல் போனது. அடுத்தது, 1970ஆம் ஆண்டின் இறுதி நாளில் கையெழுத்தான தூய காற்றுச் சட்டம். கார் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 1975 மாடல்களுக்குள் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அது கூறியது. அதற்குப் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி தேவைப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் அந்தக் கருவியைக் கெடுத்துவிடும். ஈயம் போனால் உயர் ஆக்டேன், அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் பெட்ரோலின் திறன், போகும். அது போனால் 10.5, 11 என்ற அழுத்த விகிதங்களும் போக வேண்டும். ஒன்றைத் தொட்டதும் எல்லாம் சரிந்தன.

இந்த மாற்றத்தை ஜெனரல் மோட்டார்ஸில் முன்னின்று நடத்தியவர் யார் தெரியுமா? 1955இல் ஸ்மால் பிளாக்கைக் கொண்டுவந்த அதே எட் கோல். இப்போது அவர் நிறுவனத்தின் தலைவர். 1971 மாடல்கள் எல்லாம் ஈயம் குறைந்த, ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்று அழுத்த விகிதத்தைக் குறைக்க வைத்ததும், வினையூக்கி மாற்றியை வலியுறுத்தியதும் அவர்தான். அதை ஒரு துரோகமாகப் பார்க்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர் மீதான மதிப்பு இதனால்தான் கூடுகிறது. அந்த நாட்டின் குழந்தைகள் சுவாசித்த காற்றில் ஈயம் இருந்தது; அந்த ஈயத்தின் பெரும்பகுதி இந்த இன்ஜின்களின் குழாய்களிலிருந்துதான் வந்தது. இந்த உண்மையை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் காலத்தைக் கொண்டாடுவது நேர்மையாகாது. பாதுகாப்பும் அப்படித்தான். 400 குதிரைத்திறனுக்கு டிரம் பிரேக், மெலிந்த டயர், இடுப்பு பெல்ட். 1972இல் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 54,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையும் மாறியது. அதுவரை ஆல்டர்னேட்டர், காற்று வடிகட்டி, சைலன்சர் எதுவும் இல்லாமல் மேடையில் தனியாக ஓடும் இன்ஜினை அளந்தார்கள். இனி காரில் இருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும் என்றானது. ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கொர்வெட்டின் அடிப்படை 350 இன்ஜின் 1971இல் 270 என்றும் 1972இல் 200 என்றும் விளம்பரப் புத்தகத்தில் இருக்கிறது. பார்ப்பவருக்கு ஓர் ஆண்டில் 70 குதிரைகள் ஓடிவிட்டதுபோலத் தெரியும். அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அளவுகோல் மாறியதுதான். உண்மையான தேய்வு அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. 1975இல் அதே இன்ஜின் 165இல் நின்றது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது மிச்சமிருந்ததும் முடிந்தது. பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன; வண்டியின் பதிவு எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நாள் ஒதுக்கினார்கள். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தரும் காரை வைத்திருந்தவர்கள் அதைத் தள்ளிவிடத் துடித்தார்கள்.

தள்ளிவிட்ட காரை வாங்கியது யார்? இங்கேதான் முதல் கார் நினைவுகளின் பெரும்பங்கு உருவாகிறது. 1970இல் 3,500 டாலருக்கு விற்ற கார், 1970களின் நடுவில் சில நூறு டாலருக்கு வீட்டு வாசலில் விற்பனைப் பலகையோடு நின்றது. கோடை விடுமுறையில் மளிகைக் கடையில் மூட்டை தூக்கிச் சேர்த்த பணத்துக்கு ஒரு 396 ஷெவெல் கிடைத்தது. துரு பிடித்த ஃபெண்டர், கிழிந்த இருக்கை, எண்ணெய் ஒழுகும் இன்ஜின். அது பிறந்தபோது பெரியவர்களின் வருமானத்துக்கும் காப்பீட்டுக்கும் எட்டாத கார். இப்போது யாருக்கும் வேண்டாத கார். வேண்டாத பொருள் என்பதால்தான் பையன் பயமில்லாமல் அதைப் பிரித்தான். இன்ஜினைக் கெடுத்தால் யார்டிலிருந்து இன்னொன்று வரும். 1932 ஃபோர்டுக்கு என்ன நேர்ந்ததோ, அதுவே மசில் காருக்கும் நேர்ந்தது.

இன்று அந்தக் கார்களின் விலை வேறு உலகத்தில் இருக்கிறது. 1971இன் பிளிமத் ஹெமி 'குடா' கன்வெர்ட்டிபிள் கார்கள் ஒரு டஜனுக்கு மேல் தயாராகவில்லை. அவற்றில் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. டாட்ஜின் சேலஞ்சர் காரும் பழைய வடிவ சார்ஜர் காரும் 2023 இறுதியோடு நின்றுவிட்டன. மின்சாரத்தில் ஓடும் புதிய சார்ஜர் காரில் வி8இன் உறுமலைப் போன்ற ஓசையை எழுப்பத் தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். வேகத்தில் இன்றைய மின்சாரக் குடும்பக் கார்கள் பலவும் அந்தக் கால ஹெமியை எளிதாக முந்திவிடும். இருக்கட்டும். வேகத்துக்காக மட்டும் யாரும் பழைய காரை வைத்திருப்பதில்லை.

என் வருத்தம் ஏலக்கூடத்தைப் பற்றியது. அங்கே ஒரு பழைய காரின் மதிப்பு, தொழிற்சாலையில் வைத்த அதே இன்ஜின் இன்னும் அதில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 1960களின் இறுதியிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியை இன்ஜினிலும் பொறித்தார்கள். ஸ்மால் பிளாக்கில் அது வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால் உள்ள ஒரு சிறிய தட்டையான பரப்பில் இருக்கும். காரில் உள்ள எண்ணும் இன்ஜினில் உள்ள எண்ணும் பொருந்தினால் விலை பல மடங்கு. பொருந்தாவிட்டால் தரகர் உதட்டைப் பிதுக்குகிறார். ஆனால் பொருந்திய எண்ணோடு தப்பிப் பிழைத்த கார் என்பது பெரும்பாலும் யாரும் அதிகம் ஓட்டாத, யாரும் கை வைக்காத கார்தான். 283ஓடு பிறந்து, 1977இல் ஒரு பள்ளி மாணவன் லாரியிலிருந்து கழற்றிய 350ஐ நண்பர்களோடு இறக்கிப் பொருத்திய ஷெவெல்லுக்கு அந்தச் சந்தையில் பாதி விலைகூடக் கிடைக்காது. எனக்குப் பணம் இருந்தால் நான் அதைத்தான் வாங்குவேன். அதற்கு வேண்டிய கேஸ்கெட்டும் பாயிண்ட்டும் ராக்கரும் அமெரிக்காவின் உதிரிபாகக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. முழு 350 இன்ஜினையே பெட்டியில் அடைத்துப் புதிதாக விற்கிறார்கள்.